நியூ மாடல் ஆர்மி: ‘மாதிரிப் படை’ அல்ல, புத்தமைப்புப் படை

இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்லசை வீழ்த்த நாடாளுமன்றம் 1645இல் கட்டிய படைக்கு நியூ மாடல் ஆர்மி என்று பெயர். ‘புதிய மாதிரிப் படை’ என்று தமிழில் எழுதுகிறார்கள். மாதிரிப் பள்ளி என்றால் மற்றவை பின்பற்ற வேண்டிய பள்ளி. மாதிரித் தேர்வு என்றால் ஒத்திகைத் தேர்வு. இந்தப் படைக்கு இரண்டுமே பொருந்தாது.

அளவைக் குறிக்கும் ‘மோடுஸ்’ என்ற லத்தீன் சொல்லின் சிறுமை வடிவம் ‘மோடுலுஸ்’. அதிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ‘மாடல்’. 17ஆம் நூற்றாண்டில் அது கட்டட வரைபடத்தையும் ஒழுங்கமைப்புத் திட்டத்தையும் குறித்தது. வினையாக வந்தால், இருப்பதைக் கலைத்து வேறு முறையில் அமைப்பது. அன்று ‘சர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் தலைமையிலான படை’ என்றோ வெறும் ‘நியூ மாடல்’ என்றோதான் சொன்னார்கள். மன்னர் தரப்பு ‘நியூ நாடில்’ என்று கேலி செய்தது. நாடில் என்றால் மண்டை. இன்றைய முழுப்பெயர் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

எதைக் கலைத்தார்கள் என்று பார்த்தால் பொருள் தெளிவாகும். 1642 ஆகஸ்டில் சார்லஸ் நாட்டிங்ஹாமில் போர்க்கொடி ஏற்றியபோது லண்டனும் கடற்படையும் நாடாளுமன்றத்தின் பக்கம். பணமும் இருந்தது. ஆனால் எசெக்ஸ் பிரபு, மான்செஸ்டர் பிரபு, வில்லியம் வாலர் என ஆளுக்கொரு படை. செலவைத் தாங்கிய வட்டாரங்கள் தங்கள் படை எல்லை தாண்டுவதை விரும்பவில்லை. லண்டன் நகரக் காவற்படையினர் சில வாரங்களிலேயே வீடு திரும்பத் துடித்தனர். 1644 ஜூலையில் மார்ஸ்டன் மூரில் பெரிய வெற்றி கிடைத்தது. அதை வைத்துப் போரை முடிக்க ஆளில்லை. அக்டோபரில் நியூபரியில் நடந்த இரண்டாம் சண்டையில் மூன்று படைகள் ஒன்றுசேர்ந்தும் மன்னரைத் தப்பவிட்டன. 99 முறை வென்றாலும் மன்னர் மன்னர்தான், நாம் ஒருமுறை தோற்றால் தூக்குக் கயிறு என்பது மான்செஸ்டரின் வாதம். இப்படி நினைக்கும் தளபதியை வைத்துக்கொண்டு யாரை வெல்வது?

புதிய அமைப்பு காகிதத்தில் 22,000 பேர். தலா 1,200 பேர் கொண்ட 12 காலாட்படை ரெஜிமென்ட்கள், தலா 600 பேர் கொண்ட 11 குதிரைப்படை ரெஜிமென்ட்கள், குதிரையில் போய் இறங்கிச் சுடும் டிராகூன்கள் 1,000 பேர். காலாட்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மஸ்கட் துப்பாக்கிக்காரர்கள், மீதிப்பேர் நெடிய ஈட்டிக்காரர்கள். நாள் சம்பளம் காலாளுக்கு 8 பென்ஸ், குதிரைவீரருக்கு 2 ஷில்லிங் (24 பென்ஸ்). குதிரைத் தீனியும் அதற்குள்தான். இதற்கென மாதம் 53,000 பவுண்டுக்கு மேல் வரி விதித்தார்கள். ஒரே தளபதி, ஒரே கருவூலம், நாட்டின் எந்த மூலைக்கும் போகும் கடமை: ‘மாடல்’ என்றது இதைத்தான்.

எல்லோரும் பக்தி மிகுந்த தன்னார்வலர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. குதிரைப்படைக்கு அது ஓரளவு பொருந்தும். காலாட்படையிலோ பழைய படைகளில் எஞ்சியவர்கள் போக, பாதிக்கு மேல் கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்கள். வழியிலேயே நழுவியவர்களும் ஏராளம்.

பழைய தளபதிகளை விலக்கியது 1645 ஏப்ரல் 3 அன்று நிறைவேறிய செல்ஃப் டினையிங் ஆர்டினன்ஸ். இரு அவை உறுப்பினர்களும் 40 நாட்களில் படைப் பதவிகளை விட வேண்டும். ஆர்டினன்ஸைப் பழக்கதோஷத்தில் ‘அவசரச் சட்டம்’ என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். இந்தியாவில் அது நாடாளுமன்றம் கூடாத வேளையில் குடியரசுத் தலைவர் பிறப்பிப்பது; அங்கே மன்னரின் ஒப்புதல் கிடைக்காது என்பதால் நாடாளுமன்றமே பிறப்பித்தது. ‘பதவித் துறப்பு ஆணை’ சரியாக இருக்கும். மீண்டும் நியமிக்கக் கூடாது என்று ஆணையில் இல்லை. அந்த இடைவெளியில்தான் உறுப்பினரான ஆலிவர் கிராம்வெல் குதிரைப்படைத் தலைவராகத் திரும்பினார்.

ஜூன் 14இல் நேஸ்பியில் சோதனை வந்தது. மன்னரின் அக்காள் மகன் இளவரசர் ரூபர்ட் எதிரியின் இடது அணியை உடைத்துவிட்டு, துரத்திக்கொண்டே மூட்டைமுடிச்சு வண்டிகள் வரை போய்விட்டார். மறுகோடியில் வென்ற கிராம்வெல் தன் ஆட்களைச் சிதறவிடாமல் திருப்பி, மன்னரின் காலாட்படையைத் தாக்கினார். அந்தக் காலாட்படையில் பெரும்பகுதி சிறைபட்டது; பீரங்கிகளும் மன்னரின் அந்தரங்கக் கடிதங்களும் சிக்கின. 1646 மே மாதம் சார்லஸ், நாடாளுமன்றத்தின் கூட்டாளியான ஸ்காட்லாந்துப் படையிடம் சரணடைந்தார்.

சம்பளப் பாக்கியைத் தீர்க்காமல் படையைக் கலைக்க 1647இல் நாடாளுமன்றம் முயன்றது, படை மறுத்தது. 1648 டிசம்பர் 6 அன்று இந்தப் படையின் கர்னல் பிரைடின் வீரர்கள் அவை வாசலில் நின்று, வேண்டாத உறுப்பினர்களைத் தடுத்தனர். எஞ்சிய அவை அமைத்த நீதிமன்றத்தின் தீர்ப்புப்படி 1649 ஜனவரி 30 அன்று மன்னரின் தலை வெட்டப்பட்டது. ஆகவே ‘நாடாளுமன்றப் படை’ என்ற பொதுப்பெயர் 1647க்குப் பிந்திய நிகழ்வுகளுக்குச் சரிவராது.

புத்தாண்டு, புத்தாக்கம் போலப் புணர்ந்த ‘புத்தமைப்புப் படை’ மூலப்பொருளைக் காக்கிறது. 1645 முதல் மன்னராட்சி மீண்ட பின் கலைக்கப்பட்டது வரைதான் இப்பெயர் செல்லும். அதற்கு முன், 1642இல் எட்ஜ்ஹில்லிலும் 1644இல் மார்ஸ்டன் மூரிலும் போரிட்டவர்களை இப்படி எழுதுவது பிழை.