துணை நடிகர் விருதுக்குப் பந்தயம் கட்டுகிறவர்களுக்கு

ஐபிஎல் பந்தயத்தில் பணத்தை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பழகிவிட்டேன். இப்போது ஆஸ்கர் விழா முடிந்தாலும் சென்னை தம்புச் செட்டித் தெருவில் என் வழக்கறிஞர் அலுவலகப் படியேற ஆள் வருகிறது. அண்மையில் வந்த இளைஞரின் கதையைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் தோற்கவே இல்லை. 2025இல் துணை நடிகர் விருது கீரன் கல்கினுக்கு என்று ஒரு செயலியில் பணம் கட்டினார், கல்கினே வென்றார். செயலியின் கணக்கில் தொகை பெருகி நின்றது. எடுக்கப் போனபோது முதலில் வரி கட்டச் சொன்னார்கள், கட்டினார். பிறகு சரிபார்ப்புக் கட்டணம், அதையும் கட்டினார். அதன்பின் செயலியே திறக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, “ஆனால் என் கணிப்பு சரிதானே, மேடம்?” என்று கேட்டார்.

“இது சூதாட்டம் இல்லை, சினிமா அறிவு” என்று சொல்லாதவர் இவர்களில் ஒருவர்கூட இல்லை. எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கல்கினுக்கும் அதற்கு முந்தைய ஆண்டு ராபர்ட் டவுனி ஜூனியருக்கும் ஆஸ்கருக்கு முன்பே வழங்கப்படும் கோல்டன் குளோப், பாஃப்டா, அமெரிக்க நடிகர் சங்க விருது மூன்றும் கிடைத்திருந்தன. அப்படிப்பட்ட ஆண்டில் சரியாகச் சொல்ல நாளிதழ் படித்தால் போதும். அறிவு தேவைப்படும் ஆண்டுகளிலோ அது கைகொடுப்பதில்லை. 2007இல் குளோபும் சங்க விருதும் எடி மர்ஃபிக்கு. ஆஸ்கர் ஆலன் ஆர்கினுக்கு. 2016இல் எல்லோரும் ஸ்டாலோன் என்றார்கள். வென்றவர் மார்க் ரைலன்ஸ். துணை நடிகை விருதும் அப்படியே: 2019இல் ரெஜினா கிங்கை நடிகர் சங்கமும் பாஃப்டாவும் பரிந்துரைக்கக்கூட இல்லை. ஆனால் ஆஸ்கர் அவருக்குத்தான். குளோப் கையில் இருந்ததால் வந்தது என்று விதி எழுதிக்கொண்டால், 2023 அதையும் கவிழ்த்தது: குளோப் ஏஞ்சலா பாசெட்டுக்கு, பாஃப்டா கெரி காண்டனுக்கு, ஆஸ்கர் ஜேமி லீ கர்ட்டிஸுக்கு.

துணை வேடப் பிரிவு அப்படி. கதாநாயகனுக்கு இணையாகப் படம் முழுக்க வருகிறவரும் இரண்டு காட்சிக்காரரும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். ‘நெட்வொர்க்’ படத்தில் ஏறத்தாழ ஐந்து நிமிடமே வந்த பியாட்ரிஸ் ஸ்ட்ரெய்ட் வென்றிருக்கிறார். பரிந்துரைப்பது நடிகர் பிரிவு; இறுதி வாக்கு எல்லாப் பிரிவு உறுப்பினர்களுக்கும். வாக்கு எண்ணிக்கை வெளியிடப்படுவதே இல்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்தவர்கள் வாக்குகளை எண்ணும் கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் ஒரு சிலர் மட்டும். அவர்கள் உங்கள் பந்தயக் குழுவுக்கு உறையைப் படமெடுத்து அனுப்புவார்களா?

தேசியத் திரைப்பட விருதை வைத்தும் இப்போது பந்தய இணைப்பு வருகிறது. அங்கே அறிவிக்கப்பட்ட பரிந்துரைப் பட்டியல்கூடக் கிடையாது; நடுவர் குழு கூடிப் பேசி முடிவெடுக்கிறது. 2025 ஆகஸ்டில் எம்.எஸ். பாஸ்கருக்கு அறிவித்த துணை நடிகர் விருது மலையாள நடிகர் விஜயராகவனோடு பகிர்ந்துகொண்ட விருது. பாதி விருதுக்குப் பந்தயக்காரன் எவ்வளவு தருவான் என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. வென்ற பணத்தைக் கேட்டு வழக்குப் போட வழியில்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி இணையச் சூதாட்டத்தில் ஈடுபடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரப்படுத்துகிறவருக்கு இன்னும் கடுமை. ஆகவே உங்கள் நண்பர் குழுவில் இணைப்பைப் பகிர்ந்து கமிஷன் பார்க்கும் தம்பி, கொஞ்சம் யோசியுங்கள்.

கணியுங்கள், சண்டை போடுங்கள், தோற்றவர் காபி வாங்கித் தரட்டும். பணம் கட்டாதீர்கள். வென்ற தொகையை எடுக்க முன்பணம் கேட்டால் அது மோசடிதான். அடுத்த ரூபாயை அனுப்பாதீர்கள். போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு. இரண்டு வாரம் வெட்கப்பட்டுவிட்டு என்னிடம் வந்து பயனில்லை.

வீட்டுக்குப் பயந்து உரையாடல்களை அழித்துவிட்டு மட்டும் வராதீர்கள். பணம் அனுப்பிய ரசீது எண், செயலியின் திரைப்பதிவு, பேசிய எண்கள், எல்லாம் எனக்கு வேண்டும். வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன்.