கப்பலின் பெயரை விடுங்கள், எண்ணைக் கேளுங்கள்

போன மாதம் சொந்தக்காரத் தம்பி ஒருவன் போன் செய்தான். குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போகிறானாம். "புதுக் கப்பல் அண்ணே, நோட்டீஸ்ல சும்மா பளபளன்னு இருக்கு." பெயரைக் கேட்டேன். பெயர் புதுசுதான், கப்பலுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

கப்பல் சர்வேயர்களுக்கு இது பழகிப்போன விஷயம். கப்பலின் அணியத்தில், அதாவது முன்முனையில், பெயரை வெல்டிங்கில் புடைப்பாக எழுதியிருப்பார்கள். கை மாறியதும் அதைத் தேய்த்துவிட்டு மேலே பெயிண்ட் அடிப்பார்கள், ஆனாலும் சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது பழைய எழுத்து லேசாகத் தெரியும்.

இதற்கு ஸ்டாக்ஹோம் என்ற கப்பலை விடப் பெரிய உதாரணம் கிடையாது. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் கட்டப்பட்டு 1948-ல் ஓடத் தொடங்கிய கப்பல். 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுப் பக்கம், மூடுபனியில் இத்தாலியின் ஆண்ட்ரியா டோரியா மீது மோதியது. 51 பேர் இறந்தார்கள், இத்தாலியக் கப்பல் மறுநாள் காலை மூழ்கியது. ஸ்டாக்ஹோமோ நசுங்கிப்போன அணியத்தோடு தானே நியூயார்க் வந்து சேர்ந்து, புது அணியம் பொருத்திக்கொண்டு அந்த வருடக் கடைசியிலேயே மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

1960-ல் கிழக்கு ஜெர்மனியின் தொழிற்சங்கம் வாங்கி, மக்கள் நட்பு என்று பொருள்படும் ஃபோல்கர்ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட் என்று பெயர் வைத்தது. உல்லாசப் பயணம் என்று ஏறி, வழியில் கடலில் குதித்து மேற்கு நாடுகளுக்குத் தப்பியவர்களும் உண்டு. 1980-களில் ஃபிரிட்யோஃப் நான்சென் என்ற பெயரில் ஓஸ்லோவில் அகதிகள் தங்கும் கப்பலாக நின்றது. 1989-ல் அதை இழுத்துக்கொண்டு போனது எங்கே தெரியுமா? ஆண்ட்ரியா டோரியாவின் சொந்த ஊரான ஜெனோவாவுக்கு! 'மரணக் கப்பல்' என்று அங்கே பத்திரிகைகள் எழுதின.

அங்கேதான் அதை வெறும் கூடாக்கி, என்ஜின், கேபின் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு 1994-ல் இத்தாலியா பிரிமா ஆக்கினார்கள். அப்புறம் வால்டூர் பிரிமா, கரீபே, அதீனா, அசோர்ஸ், கடைசியாக அஸ்டோரியா. 2025-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகருக்கு உடைக்கப் போனது.

சரி, இது பழைய கப்பலா, புதுக் கப்பலா? அடிக்கூடு 1940-களின் இரும்பு, உள்ளே இருந்தது 1990-களின் என்ஜின். வயதை மட்டும் வைத்து நான் எந்தக் கப்பலையும் ஒதுக்க மாட்டேன். அரைகுறையாகப் பராமரித்த பத்து வயதுக் கப்பல்தான் எனக்குப் பயம்.

பெயர், கொடி, முதலாளி எது மாறினாலும் மாறாத ஒன்று, ஏழு இலக்க ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) எண். ஸ்டாக்ஹோமுக்கு 5383304. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் 114 வரும், அதன் கடைசி இலக்கம் 4, எண்ணின் கடைசி இலக்கமும் 4. போலி எண்ணைப் பல சமயம் இந்தக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். பயணிகள் கப்பல் என்றால் வானத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற இடத்தில் இதை எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. சென்னையிலிருந்து போய்வரும் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் கூட 1990-ல் நார்டிக் எம்ப்ரஸாகப் பிறந்ததுதான். அதன் எண் 8716899, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எண் கிடைத்ததும், கப்பல்களின் விவரங்களைத் தரும் ஈக்வாசிஸ் இணையதளத்தில் இலவசமாகப் பதிவுசெய்து தேடுங்கள். பழைய பெயர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துறைமுகச் சோதனைப் பக்கத்துக்குப் போய்விடுங்கள். எத்தனை குறை கண்டார்கள், கப்பலைப் போகவிடாமல் நிறுத்திவைத்தார்களா, அதுதான் முக்கியம். ஒருமுறை நிறுத்தியிருந்தால் உடனே அலற வேண்டாம். தீயணைப்பு, உயிர்காப்புப் படகு என்று ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் டிக்கெட்டைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

தம்பியும் தேடினான். மூன்று பழைய பெயர்கள், சில்லறைக் குறைகள், நிறுத்திவைத்ததே இல்லை. "போலாமா அண்ணே?" என்றான். போய்ட்டு வா, முதல் நாள் பாதுகாப்பு ஒத்திகைக்குக் கூப்பிடும்போது மட்டும் கேபினில் படுத்துத் தூங்காதே என்றேன்.