மரபுவளம்: நடுவில் எதற்கு ஓர் அணு?

போன மாதம் பெரியப்பா வீட்டில் ஓர் ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. இடம் எத்தியோப்பியா. அடிஸ் அபாபாவில் ஒரு குளிர் அறை, அலமாரி முழுக்க வெள்ளி நிறப் பொட்டலங்கள். கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் அதில் ஒன்றை எடுத்து எண்ணைப் படிக்கிறார். பின்னணியில் தமிழ்க் குரல்: "இந்த மரபணு வங்கியில் தாவர மரபணு வளங்கள் நிலையான முறையில் பாதுகாக்கப்படுகின்றன."

பெரியப்பா காலமெல்லாம் மண்ணில் நின்றவர். வெற்றிலையைக் கொடுப்பில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, பிடி பருத்தி மாதிரி மரபணு மாத்துன வெதையெல்லாம் அங்கதான் வச்சிருக்காங்களா?"

"இல்ல பெரியப்பா, அப்படியே தலைகீழ். அவங்க ஊர்ச் சோளம், அவங்க ஊர் வாற்கோதுமை, அதோட வெதை."

"அப்ப வெதைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? மரபணுன்னு எதுக்குச் சொல்றான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது என்னைப் போன்ற மொழிபெயர்ப்புக்காரர்கள். வேளாண் அறிக்கைகளைத் தமிழாக்கிப் பிழைக்கிறவன் நான். ஆப்பிரிக்க நாடுகளின் பயிர் வகைகளைக் காப்பது பற்றிய ஒரு கையேடு அந்த வாரம் என் மேசையில்தான் கிடந்தது. அதில் முதல் பக்கத்திலேயே ஐந்து இடத்தில் "மரபணு வளம்" என்று நானே எழுதி வைத்திருந்தேன். கூச்சமாகத்தான் இருந்தது.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் இதை 'ஜெனடிக் ரிசோர்சஸ்' என்பார்கள். 'ஜெனடிக்' என்பதன் வேர் கிரேக்கம், பிறப்பு அல்லது தோற்றம் என்று பொருள். மரபு எப்படிக் கடத்தப்படுகிறது என்று ஆராயும் துறைக்கு 'ஜெனடிக்ஸ்' என்று வில்லியம் பேட்சன் பெயர் வைத்தது 1905-இல். மரபைக் கடத்தும் அலகுக்கு 'ஜீன்' என்ற சொல்லை டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் உருவாக்கியது 1909-இல். ஆக, 'ஜீன்' நாலு வருஷம் இளையது. 'ஜெனடிக்' என்று எங்கே கண்டாலும் அதற்குள் ஒரு ஜீன் உட்கார்ந்திருப்பதாக நினைத்து 'மரபணு' போடுவது, தம்பியின் பெயரை அண்ணனுக்கு வைப்பது போல. ஜெனடிக்ஸுக்குத் தமிழில் மரபியல் என்று சரியாகவே சொல்கிறோம், அங்கே அணு இல்லை. தொல்காப்பியத்திலேயே மரபியல் என்று ஓர் இயல் உண்டு. எதன் குட்டிக்கு என்ன பெயர், எது புல், எது மரம் என்று பேசுகிற இயல். ஜீனுக்கு மரபணு. ஜெனடிக் என்று வந்தால் மரபு அல்லது மரபுசார். 'ரிசோர்ஸ்' வளம். கூட்டினால் மரபுவளம். அகராதி வேலை இவ்வளவுதான்.

ஆனால் 'மரபணு வளம்' விடுகிறதா? எதில் பார்த்தாலும் அதுதான். தமிழில் இன்று மரபணு என்ற ஒரு சொல் நாலு வீட்டு வேலை பார்க்கிறது. குழந்தைக்குத் தகப்பன் யார் என்று நீதிமன்றம் கேட்டால் மரபணுச் சோதனை. அங்கே அது டிஎன்ஏ. கத்தரியில் பாக்டீரியாவின் ஜீனை நுழைத்தால் மரபணு மாற்றம். அங்கே மட்டும் அது தன் சொந்த வேலையைச் செய்கிறது. குடும்ப வழியில் வருகிற நோய் மரபணு நோய். கடைசியில் சாக்கில் கட்டி வைத்த சோளமும் மரபணு வளம். இதில் வெளியே பேர் வாங்கிய வேலை இரண்டாவதுதான். கால் நூற்றாண்டாக 'மரபணு' என்றால் ஊரில் 'மாற்றிய' என்றுதான் காதில் விழுகிறது. பெரியப்பா தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, நாம் சொன்னதைத்தான் புரிந்துகொண்டார்.

ஒரு மொழிபெயர்ப்பில் இன்னும் ஒரு படி மேலே போய் 'தாவர மரபணு ஆதாரங்கள்' என்றே போட்டிருந்தார்கள். எனக்கு ஏதோ கொலை வழக்கில் இலையும் தழையும் சாட்சி சொல்ல வந்தது போல இருந்தது.

சரி, பொருளில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பார்கள். கெட்டுத்தான் போகிறது. 1992-இல் ரியோவில் கையெழுத்துக்கு வைத்த உயிரியல் பன்மய உடன்படிக்கை இதை வரையறுத்திருக்கிறது. மரபைக் கடத்தும் அலகுகள் அடங்கிய பொருள், அதாவது தாவரத்திலிருந்தோ விலங்கிலிருந்தோ நுண்ணுயிரிலிருந்தோ கிடைப்பது, அதற்கு இன்றோ நாளையோ ஒரு மதிப்பு இருந்தால் அதுதான் இந்த வளம். அலகுகள் அல்ல, அலகுகள் அடங்கிய பொருள். விதை, கிழங்கு, கன்று, போத்து. கையில் எடுக்கலாம், மடியில் கட்டலாம். 'மரபணு வளம்' என்றவுடன் அது கண்ணுக்குத் தெரியாத ஒன்றாக, ஆய்வகத்துக்காரர்கள் மட்டுமே தொடக்கூடியதாக ஆகிவிடுகிறது. விதைத்தவன் அதில் இல்லை.

இது வெறும் சொல் சண்டை இல்லை. எத்தியோப்பியாவில் டெஃப் என்று ஒரு தானியம். ஆயிரம் விதையை எடை போட்டாலும் அரை கிராம் தேறாது. அவர்களுடைய இன்ஜெரா அப்பம் இதில்தான். 2005-இல் ஒரு நெதர்லாந்து நிறுவனத்தோடு டெஃப் பற்றி எத்தியோப்பியா ஒப்பந்தம் போட்டது. வருவாயில் பங்கு தருவதாகப் பேச்சு. அந்த நிறுவனமோ டெஃப் மாவு பதப்படுத்துவதற்குக் காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தது. 2009-இல் நிறுவனம் திவாலானது, காப்புரிமை மட்டும் வேறு கைக்குப் போய் உயிரோடு இருந்தது. 2018-இல் ஹேக் நகர நீதிமன்றம்தான் அது நெதர்லாந்தில் செல்லாது என்றது. விதையைக் கொடுத்தோமா, விதைக்குள் இருப்பதைக் கொடுத்தோமா, மாவாக்கும் முறையைக் கொடுத்தோமா? இந்த மூன்றையும் பிரித்துப் பேச வேண்டிய இடத்தில் மூன்றையும் 'மரபணு' என்று எழுதுகிற மொழி என்னத்துக்கு ஆகும்?

அடுத்து 'வங்கி'. இதில் எனக்கே இரண்டு மனம். இரத்த வங்கி என்று ஏற்றுக்கொண்டாகிவிட்டது, வங்கியை விரட்ட முடியாது. ஆனாலும் அந்தக் குளிர் அறையில் நடப்பது வங்கி வேலை அல்ல. விதையை ஈரம் 3 முதல் 7 சதவீதம் வரும்வரை உலர்த்தி, காற்றுப் புகாமல் அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் வைப்பார்கள். அப்படி வைத்தாலும் விதை மெல்லச் சாகும். அதனால் அவ்வப்போது கொஞ்சம் எடுத்து முளைக்கப் போட்டுப் பார்ப்பார்கள். முளைப்பு 85 சதவீதத்துக்குக் கீழே போனால் எடுத்து விதைத்து, அறுத்து, புது விதையைத் திரும்ப உள்ளே வைப்பார்கள். எந்த வங்கியில் பணத்தை வயலில் விதைத்து எடுத்து வைக்கிறார்கள்?

ஆவணப்படத்தில் பார்த்த அந்த எத்தியோப்பிய விதை மையம் 1976-இல் தொடங்கியது. 1979-இல் அதன் தலைமைக்கு வந்தவர் மெலாக்கு வொரேடே. 1984-85 பஞ்சத்தில் சனங்கள் விதைக்கு வைத்த தானியத்தையும் தின்ன வேண்டி வந்தது. வெளியிலிருந்து நிவாரணமாக வந்த தானியத்தை விதைத்தால் உள்ளூர் வகைகள் அந்த ஒரு பருவத்தோடு போய்விடும். அவரும் அவருடைய ஆட்களும் ஊர் ஊராகப் போய் விதை சேர்த்தார்கள். சேர்த்ததைப் பூட்டி வைப்பதோடு நிற்காமல் விவசாயிகளின் வயலுக்கே திருப்பிக் கொடுத்து, அவர்களையே விதைத்துப் பெருக்கவும் தேர்ந்தெடுக்கவும் வைத்தார். 1989-இல் அவருக்கு 'ரைட் லைவ்லிஹுட்' என்ற பன்னாட்டு விருது கிடைத்தது இதற்காகத்தான். இவ்வளவையும் 'மரபணு வங்கி இயக்குநர்' என்ற மூன்று சொல்லில் அடக்கினால், படிக்கிறவருக்கு வெள்ளைக் கோட்டும் சோதனைக் குழாயும்தான் தெரியும்.

'விதை வங்கி' என்று எளிமையாகச் சொல்லிவிடலாமே என்பார்கள். பெரியப்பா சொன்னதும் அதைத்தான். பாதிதான் சரி. காப்பி பிறந்த நாடு அது. காப்பி விதையை நெல் விதை மாதிரி காயவைத்து உறைய வைத்தால் நெடுநாள் தாங்காது. ஆகவே ஜிம்மா பக்கம் சோச்சே என்ற இடத்தில் மரமாகவே நட்டு வளர்க்கிறார்கள், வரிசை வரிசையாக, நிழல் மரங்களின் கீழ். தெற்கே என்செட் என்று வாழை ஜாதிப் பயிர். சுமார் 2 கோடிப் பேருக்குச் சோறு போடுவது. பழம் தின்ன ஆகாது. கிழங்கையும் தண்டையும் சீவி, குழியில் புளிக்க வைத்துக் கோச்சோ என்ற அப்பம் சுடுவார்கள். இதையும் கன்றாகத்தான் காக்கிறார்கள். (இதற்குத் தமிழில் 'போலி வாழை' என்று பார்த்தேன். ஆங்கிலக்காரன் தன் கண்ணுக்கு வாழை மாதிரி இருந்து வாழை இல்லை என்பதால் வைத்த பெயர். அதையே சாப்பிட்டு வாழ்கிறவனுக்கு அது எப்படிப் போலியாகும்? என்செட் என்றே எழுதுங்கள், காப்பியை அப்படித்தானே எழுதுகிறோம்.)

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'வித்தகம்' என்றார். வித்து + அகம், விதையின் வீடு. கேட்க அழகுதான். ஆனால் வித்தகம் என்ற சொல் ஏற்கெனவே திறமை, அறிவு என்ற பொருளில் குடியிருக்கிறது. 'எத்தியோப்பிய வித்தகம்' என்று எழுதினால் அந்த நாட்டுக் கைவினை பற்றிய கட்டுரை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தூய்மை வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. குடியிருப்பவரைக் காலி செய்துவிட்டுக் குடியேறுவதில்தான் சண்டை. 'காப்பகம்' என்றால் முதியோர் காப்பகம் நினைவுக்கு வருகிறது. களஞ்சியம் பரவாயில்லை. தானியம் கொட்டி வைக்கிற இடம் என்ற பழைய பொருள் இன்னும் சாகவில்லை. குளிர் அறைக்கு மரபுவளக் களஞ்சியம், சோச்சே மாதிரி இடத்துக்கு மரபுவளத் தோட்டம். நான் இப்படித்தான் எழுதப் போகிறேன்.

இந்த விதை, கிழங்கு, கன்றுகளுக்கே ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் 'ஜெர்ம்பிளாசம்'. அது பற்றி ஒரு வார்த்தை. 'கிருமி' என்று தொடங்கும் ஒரு மொழிபெயர்ப்பைக் கண்டிருக்கிறேன், பெயரைச் சொல்ல மாட்டேன். 'ஜெர்ம்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு முளை என்று பொருள். நோய்க்கிருமி பின்னால் வந்தது.

மரபுவளம் என்றால் கோயில், கூத்து மாதிரிப் பண்பாட்டுச் செல்வம் என்று குழம்ப மாட்டார்களா என்று கேட்டார் அதே நண்பர். குழம்பட்டும், இந்த இடத்தில் அந்தக் குழப்பம் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியில் ஒரு சோளத்துக்கு 'வெதெத் பெகுஞ்சே' என்று பெயர். வெதெத் என்றால் பால், குஞ்ச் என்றால் கன்னம். ஆங்கிலத்தில் 'என் வாயில் பால்' என்று பெயர்த்தார்கள். நம்மிடம் அதைவிடக் கச்சிதமான சொல் இருக்கிறது: கொடுப்பில் பால். கதிர் பால் முற்றி வரும் பருவத்தில் வறுத்துத் தின்பார்கள். 1973-இல் ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, மற்றச் சோளங்களில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக் கூறு இதில் மிகுதி என்று தெரிந்தது. விளைச்சல் குறைவு, மணியும் சுருங்கியிருக்கும். அப்படியும் அந்த விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக ஓரத்தில் கொஞ்சம் விதைத்து வந்திருக்கிறார்கள். விதை மரபும் நாக்கு மரபும் இதில் எங்கே பிரிகிறது? ஆவணப்படம் இதை 'உயர் லைசின் மரபணு வகை' என்று சொல்லிக் கடந்து போனது.

'நிலையான பயன்பாடு' வேறு. நிலையான என்றால் அசையாத, மாறாத. நிலையான வைப்பு, நிலையான விலை. ஆங்கில மூலத்தில் 'சஸ்டெய்னபிள்' என்று சொல்ல வந்தது, தீர்ந்துபோகாமல் பயன்படுத்துவது. 'நிலைபேறான' என்று இலங்கையில் எழுதுகிறார்கள், கொஞ்சம் மேல். விதைக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத் தின்பவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். நமக்குத்தான் சொல் கிடைக்கவில்லை.

கையேட்டின் முதல் பக்கத்தைத் திருத்தி எழுதி அடுத்த வாரம் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். களஞ்சியத்தில் விதையை உறைய வைப்பது, முளைப்பு குறைந்தால் விதைத்து எடுப்பது எல்லாம் சொன்னேன். இந்தத் தடவை பிடி பருத்தி வரவில்லை.

"எந்த வயல்ல வெதைப்பாங்க? எடுத்த ஊர் வயல்லயா?"

"பல சமயம் இல்ல. ஆராய்ச்சிப் பண்ணைல."

"அப்ப நாலு தடவ வெதச்சு எடுத்தா அது அந்த மண்ணு வெதையாவா இருக்கும்?"

வேறு மண்ணில் திரும்பத் திரும்ப விதைத்தால் விதையின் மரபுக் கலவை மாறிப்போகும் என்பது இந்தத் துறையின் பழைய கவலை. அதனால்தான் 'இன் சிட்டு' என்று ஓர் அத்தியாயமே அந்தக் கையேட்டில் இருந்தது. பாடநூல்களைப் பார்த்து 'சூழலுக்குள்ளான பாதுகாத்தல்' என்று போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டு 'அந்தந்த மண்ணிலேயே பேணுதல்' என்று எழுதி அனுப்பினேன்.

நேற்று மெய்ப்பு வந்தது. மண் அப்படியே இருக்கிறது. மரபுவளம் இருந்த ஒன்பது இடத்திலும் சிவப்பு மையில் ஓர் 'அணு' சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.