வேரடியில் வெள்ளையாக ஓடுகிறதா? மருந்து ஊற்றும் முன் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

பர்மாவின் மோல்மீனில் மழை பிடித்துவிட்டால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "தம்பி, தொட்டி மண்ணுல வெள்ளை வெள்ளையா என்னமோ ஓடுது, செடி வாடுது, எந்த மருந்து ஊத்தலாம்?" பயிர்ப் பாதுகாப்பு வேலையில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு நான் சொல்கிற முதல் பதில்: இப்போதைக்கு எதையும் ஊற்றாதீர்கள். மண்ணில் ஓடுகிற உண்ணிகளில் பெரும்பாலானவை செடிக்குக் கெடுதல் செய்யாதவை.

போன ஆடியில் ஓர் அத்தை வீட்டு மாடிக்குப் போயிருந்தேன். மல்லிகை, துளசி, கறிவேப்பிலை என்று வரிசையாகத் தொட்டிகள். யாரோ சொன்னார்கள் என்று குருணையாக வரும் பூச்சி மருந்தை இரண்டு தடவை போட்டிருக்கிறார். கறிவேப்பிலைத் தொட்டியைக் கவிழ்த்தேன். அடி மண் களியாக, சாக்கடை நாற்றத்தோடு வந்தது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் தோல் மட்டும் கையோடு உருவிக்கொண்டு வர, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் நின்றது. வேர் அழுகல் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். தொட்டியின் ஓட்டையை ஒரு பிளாஸ்டிக் துண்டு அடைத்துக் கிடந்தது. வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊரில் தண்ணீர் போக வழியில்லாத தொட்டி என்ன ஆகும்?

அந்த மண்ணில் உண்ணிகள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. உண்ணி என்றதும் மாட்டு மடியில் ஒட்டி ரத்தம் குடிப்பதுதான் நினைவுக்கு வரும். இவையும் அந்த எட்டுக்கால் சாதிதான், ஆனால் மண்ணில் வாழ்பவற்றில் பெரும்பாலானவை செத்த வேரையும் மக்கிய இலையையும் பூஞ்சையையும் தின்று மண்ணை உரமாக்குகிறவை. ஒரு சதுர மீட்டர் காட்டு மண்ணில் லட்சத்துக்கு மேல் இருக்கும். அத்தை வீட்டில் பார்த்தவையும் அவைதான்: பழுப்பு நிறம், உருண்டை, ஓடு போட்ட வண்டு மாதிரி கெட்டியான முதுகு. வேர் அழுகிய பிறகு சாப்பிட வந்தவை. அழுக வைத்தது தேங்கிய தண்ணீர்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை குருணை மருந்து. அவற்றில் பல, வேர் வழியாக உறிஞ்சப்பட்டு இலைக்கு ஏறுபவை. அந்த இலையைத்தான் ரசத்தில் போடுகிறோம். அந்தச் செடியிலிருந்து இலை பறிக்கவே வேண்டாம், புதுச் செடி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, கெடுதல் செய்கிற உண்ணியே கிடையாதா? உண்டு. வெங்காயம், பூண்டு, லில்லி, கிளாடியோலஸ் மாதிரி கிழங்கும் குமிழும் உள்ள செடிகளைப் பிடிக்கிற கிழங்கு உண்ணி. அறிவியல் பெயர் ரைசோகிளைஃபஸ். இதைப் பார்க்க மண்ணைக் கிளறிப் பயனில்லை. வாடிய வெங்காயத்தைப் பிடுங்கி, வேர் முளைக்கிற அடித்தட்டை நகத்தால் பெயர்த்து, பத்து மடங்கு காட்டும் கைலென்ஸில் பாருங்கள். வெந்த ஜவ்வரிசியை ரவையை விடச் சின்னதாக்கியது போல் பளபளப்பான வெள்ளை உடம்பு, பழுப்புக் கால்கள். தனியாக இருக்காது, கும்பலாகக் கிடக்கும். நகரும்போது அவசரமே இருக்காது. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை இரண்டு வாரம் போதும். அது கடித்த இடம் வழியே பூஞ்சை நுழைந்து அழுகல் சேர்ந்துகொள்ளும். இளம் நாற்று வேரே விடாமல் சாய்ந்துவிடும்.

அந்த 'அவசரமின்மை'யை மனதில் வையுங்கள். வெளுத்த பழுப்பு நிறத்தில், நீண்ட கால்களோடு விறுவிறுவென்று ஓடுவது வேட்டை உண்ணி. அது ஈப்புழுவையும் கிழங்கு உண்ணியையும் பிடித்துத் தின்னும், நம் கூலி வாங்காத காவல்காரன். கண்டதும் துள்ளிக் குதிப்பது உண்ணியே இல்லை, மக்கியதைத் தின்கிற வால்துள்ளி. வேரில் பஞ்சு ஒட்டியது போல் இருந்தால் மாவுப்பூச்சி. வேரே முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பல பூச்சிக்கொல்லிகள் உண்ணிகளை ஒன்றும் செய்யாது. சில மருந்துகள் காவல்காரனை மட்டும் கொன்றுவிட்டுப் போய்விடும், அதற்குப் பிறகுதான் தொல்லை பெருகும்.

லென்ஸ் இல்லாதவர்கள் உருளைக்கிழங்கை ஒரு வில்லை நறுக்கி மண்மேல் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் திருப்பினால் அடியில் கூடியிருப்பவை தெரியும். இன்னொரு வழி, 1905-இல் இத்தாலியப் பூச்சியியல் அறிஞர் பெர்லேசே காட்டியது. பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் பாதியை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, வாயில் வலைத்துணி கட்டி மண்ணைப் போட வேண்டும். மேலே சூடு பட்டால் உள்ளே இருப்பவை கீழே இறங்கி, அடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் விழும். சூட்டுக்கு மேலே விளக்கு வைப்பார்கள். நம் ஊர் மின்சாரத்தை நம்பி அது நடக்காது, நான் காலை வெயிலில்தான் வைக்கிறேன். மெதுவாக உலர வேண்டும், அவ்வளவுதான்.

கிழங்கு உண்ணிதான் என்று உறுதியானால், அது எப்படி வந்தது என்று யோசியுங்கள். பெரும்பாலும் விதைக் கிழங்கோடுதான் வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து விசை (சுமார் எட்டு கிலோ) விதைப்பூண்டு வாங்குகிறோம், அதில் நாலு பல் மெத்தென்று இருந்தால் போதும். வாங்கும் இடத்திலேயே அடியை அழுத்திப் பாருங்கள். மெத்தென்றால் வேண்டாம். விதைப்பூண்டை 54 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 10 முதல் 20 நிமிஷம் போட்டெடுத்தால் உண்ணி வெகுவாகக் குறையும், ஆனால் சூடு ஏறினால் முளையும் செத்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். முதலில் ஒரு கைப்பிடி மட்டும் செய்து முளைக்கிறதா பாருங்கள்.

உண்ணி பிடித்த செடியை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்த வேண்டும், எருக்குழியில் போடக்கூடாது. பச்சைச் சாணியும் மக்காத குப்பையும் இதற்கு விருந்து. முட்டைக்கோஸ் அறுத்த கட்டை அழுகிக்கொண்டிருக்கும்போதே அதே பாத்தியில் வெங்காயம் நடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், தயவுசெய்து அது முழுக்க மக்கும்வரை பொறுங்கள். வெங்காயத்துக்குப் பின் வெங்காயமோ பூண்டோ வேண்டாம். தொட்டி மண் என்றால் மாசி, பங்குனி வெயிலில் ஈரப்படுத்தி, நிறமில்லாத பாலித்தீன் போர்த்தி ஒரு மாதத்துக்கு மேல் வேக விடலாம்.

என்னிடம் காட்ட வருகிறவர்கள் ஒரு வாடிய இலையைக் கிள்ளிக்கொண்டு வருகிறார்கள். இலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. வேரோடு பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணை உதறாமல், ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வெயிலில் வைக்காமல் அன்றைக்கே கொண்டு வாருங்கள். ஏற்கெனவே ஏதாவது ஊற்றியிருந்தால் அந்தப் பாக்கெட்டையும் எடுத்து வாருங்கள்.