உள்ளுணர்வு: ஆறாம் அறிவு அல்ல

திருப்பூர்ப் பக்கம் தொழில்முனைவோர் கூட்டம் எதற்குப் போனாலும், "உங்கள் ஆறாம் அறிவை நம்பி முடிவெடுங்கள்" என்று மேடையில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். இன்ட்யூஷனைத்தான் சொல்கிறார்கள். அது தவறு.

இன்ட்யூஷனின் வேர், உற்று நோக்குதலைக் குறிக்கும் லத்தீன் வினை. படிப்படியாக யோசிக்காமல், பார்த்ததுமே பிடிபடுகிற அறிவு என்பது இன்றைய பொருள். தமிழில் உள்ளுணர்வு. அவ்வளவுதான்.

ஆறாம் அறிவு என்பது, ஐம்புலனுக்கு அப்பாற்பட்ட சக்தியைக் குறிக்கும் 'சிக்ஸ்த் சென்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரை எண்ணோடு தூக்கி வந்தது. தமிழில் அந்த இடம் காலியாகவா கிடந்தது? தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி மெய், நா, மூக்கு, கண், செவி என ஐந்தறிவையும் சொல்லிவிட்டு, "ஆறறி வதுவே அவற்றொடு மனனே" என்கிறது. ஆறாவது, மனம். அது மனிதர் எல்லாருக்கும் பொது. "ஆறறிவு படைச்ச மனுசன்தானே நீ?" என்று திட்டு வாங்குபவன் யோசிக்காமல் செய்தவன். யோசனை இல்லாமல் உதிக்கும் முடிவுக்கும் அதே பெயரை வைத்தால் வாசிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே என்ன வேலை பார்க்கிறது என்று பார்ப்பதே இல்லை.

இன்னும் சிலர் இயல்பூக்கம் என்கிறார்கள். பிறந்த கன்று மடி தேடுவது இயல்பூக்கம். யாரும் சொல்லித் தரவில்லை. உள்ளுணர்வோ பழகிப் பழகி வருவது. ஈரோட்டில் மஞ்சள் வியாபாரி மூட்டையில் கைவிட்டு ஒரு விரலியை எடுத்து ஒடிப்பார். ஒடிகிற சத்தம், உள்ளே தெரிகிற நிறம், விலை முடிந்தது. எப்படி என்று கேட்டால், "பார்த்தாத் தெரியுதுங்க" என்பார். 1978இல் பொருளியல் நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், உள்ளுணர்வு என்பது முன்பு கண்டதை அடையாளம் கண்டுகொள்வதுதான் என்றார். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை அதற்கு நிபந்தனையும் வைத்தது: துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்று தெரிந்து பழக வாய்ப்பும் வேண்டும்.

ஆறாம் அறிவு என்றதும் இந்த நிபந்தனை மறைந்துபோகிறது. பிறவியிலேயே உள்ள சக்தி என்று நம்பி, பழகாத தொழிலில் முதலைப் போடுகிறார்கள்.

எழுத்தில் உள்ளுணர்வு என்றே எழுதுங்கள். பேச்சில் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: "எனக்கு மனசுல படுதுங்க."