பிடிபட்ட கிலோவை வைத்துக் கொள்கையை அளக்க முடியாது

ஜூஜூவாடி சோதனைச் சாவடியிலோ தொப்பூர் கணவாயிலோ கஞ்சா பிடிபட்டால், மறுநாள் செய்தியில் கிலோ கணக்குத்தான் முன்னால் நிற்கும். அது காவல்துறையின் உழைப்பைக் காட்டும். ஊருக்குள் போதை குறைந்ததா என்பதைக் காட்டாது.

உலக நாடுகளும் நெடுங்காலம் இப்படித்தான் கணக்குப் பார்த்தன. அபினி, கோகெய்ன் எடுக்கும் கோகா, கஞ்சா ஆகியவற்றின் சாகுபடியை 2008-க்குள் ஒழிப்போம் அல்லது பெருமளவு குறைப்போம் என்று 1998-இல் ஐ.நா. இலக்கு வைத்தது, நடக்கவில்லை. 2022-இல் தாலிபான் விதித்த தடையால் ஆப்கானிஸ்தானின் அபினி உற்பத்தி அடுத்த ஆண்டே சுமார் 95 சதவீதம் சரிந்தது. அதே 2023-இல் மியான்மர் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மாத்திரையிலும் இதே கதைதான். டிரமடால் என்ற வலி மாத்திரையை 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். இப்போது டபென்டடால் என்ற வேறொரு வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள்.

ஆகவே ஒரு கொள்கை பலித்ததா என்று பார்க்க, தெருவில் விலை ஏறியதா, பழகியவர்கள் வேறு எதற்கு மாறினார்கள், எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தார்கள் என்று கேட்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். போர்ச்சுகல் 2001-இல் பத்து நாள் சொந்த உபயோகத்துக்கான அளவு வரை போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்ற வழக்கிலிருந்து விலக்கியது. பிடிபட்டவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஆலோசனைக் குழுவிடம் அனுப்பியது. கூடவே சிகிச்சையையும் விரிவாக்கியது. சிகிச்சை இல்லாமல் சட்டத்தை மட்டும் தளர்த்தியிருந்தால் பலன் கிடைத்திருக்காது என்பதே எங்கள் கருத்து.

நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் அப்படியொரு வாசல் உண்டு. போதைக்கு அடிமையானவர் உபயோகித்த வழக்கிலோ சிறு அளவு வழக்கிலோ சிக்கி (கஞ்சாவுக்கு 1 கிலோ வரை, ஹெராயினுக்கு 5 கிராம் வரை), அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், பிரிவு 64ஏ வழக்கிலிருந்து பாதுகாக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். வக்கீலிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்; பல குடும்பங்களுக்கு இப்படியொரு பிரிவு இருப்பதே தெரியாது.

சிறையோடு நிறுத்திவிடும் கொள்கை எங்கே உயிரைப் பறிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஹெராயினோ இந்த வலி மாத்திரைகளோ நின்றால் அரை நாளில் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு, வாரம் பத்து நாளில் அடங்கும். அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்தவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். விடுதலையான முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்து. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலம்பாரித்து, மூச்சு மெதுவானால் தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். ஆலோசனைக்குக் கட்டணமில்லா எண் 14446.