செப்டம்பரில் ஒரு மண்வெட்டி

டிசம்பர் பிறந்தால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "சார், நாங்க முப்பது பேர் வர்றோம். மலைப்பாதையில ஏதாவது சேவை செய்யணும். டீஷர்ட் எல்லாம் அடிச்சாச்சு." பெரும்பாலும் மதுரை, கோவை, சென்னைப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான். குப்பை பொறுக்குவார்கள், படம் எடுப்பார்கள், வெயில் சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். நானும் வருஷம் தவறாமல் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: "தம்பி, செப்டம்பர்ல வாங்க. பத்துப் பேர் போதும். மண்வெட்டி நாங்க தர்றோம்." பாதிப் பேர் அத்தோடு போனை வைத்துவிடுவார்கள். "ஏன் சார் செப்டம்பர்?" என்று கேட்கிற மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன்.

நான் சிவில் எஞ்சினியர். மலைச்சாலை வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். சர்வீஸில் பெரும்பகுதி பழனி மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு, கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைப் பக்கம் இறங்கும் பழைய பாதையில் ஒரு சிறு தன்னார்வக் குழுவோடு போய்வருகிறேன். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மேலே வரச் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து செங்குத்தாக ஏறும் இப்படிப்பட்ட பாதைகளில்தான் நடந்தும், குதிரையிலும், டோலியிலும் வந்தார்கள். பெரியகுளம் 300 மீட்டர் உயரம்கூட இல்லை. கொடைக்கானல் 2,100 மீட்டர். அத்தனை ஏற்றத்தையும் டோலி தூக்கியவர்களின் தோள்தான் அறியும். அவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் பொறித்து வைக்கவில்லை.

துரைமாருக்கு மலைச்சாலை வந்த பிறகு இந்தப் பாதையை உயிரோடு வைத்திருந்தவர்கள் வெள்ளகவிக்காரர்கள். நெடுங்காலம் சாலை இல்லாத ஊர். காப்பியும் பட்டர்புரூட்டும் (அவகாடோ) குதிரை முதுகில் ஏறி வரும். அரிசியும் உப்பும் அதே முதுகில் திரும்பிப் போகும். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வெளியாளும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மண்ணை வெறுங்காலால் தொடுகிறவர்களிடமிருந்துதான் என் தொழிலில் எனக்குத் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்ய வேண்டியிருந்தது.

முதல் வருஷம். பாதையில் ஒரு நாற்பது மீட்டர் நீளம், வெளிப்பக்கம் பள்ளம். சாலைக்காரன் கண்ணுக்கு அது கைப்பிடிச் சுவர் இல்லாத வளைவாகத்தான் தெரிந்தது. பிள்ளைகளை வைத்து ஓரம் நெடுகக் கல் அடுக்கி, இடுக்கில் மண் போட்டு இறுக்கினோம். கோலம் போட்ட மாதிரி அழகாக இருந்தது. படம் எடுத்தோம். அக்டோபரில் ஒரே இரவு மழை. நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் நாங்கள் அடுக்கிய கல் அப்படியே இருக்கிறது, பாதையைக் காணோம். முழங்கால் ஆழத்துக்கு ஓடை அரித்திருந்தது. வெள்ளகவிப் பெரியவர் ஒருவர் தலைச்சுமையோடு அந்த வழியாக ஏறி வந்தார். சுமையை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க சார், ஓடைக்கு நீங்களே கரை கட்டிக் குடுத்துட்டீங்க" என்றார்.

கல்லூரியில் படித்த கணக்கு ஒன்று உண்டு. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிக்கொண்டு போகக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. 64 என்றால் என்னவென்று அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நின்றபோதுதான் உறைத்தது. மலைப்பாதை கெட்டுப்போனால் எல்லோரும் நடப்பவர்களைக் கைகாட்டுகிறார்கள். கால் மண்ணை இறுக்கும், புல்லைச் சாகடிக்கும். அந்த மண்ணைத் தூக்கிக்கொண்டு போவது தண்ணீர். பாதையோடு பாதையாக அது ஓட ஆரம்பித்துவிட்டால் பத்தாவது அடியில் சேறு, நூறாவது அடியில் வாய்க்கால்.

மலைச்சாலையில் நாங்கள் தண்ணீரை மலைப்பக்கம் சாய்த்து, உள்ளோரத்து வடிகாலில் வாங்கி, சாலைக்கடியில் சிறுபாலம் வைத்து அந்தப் பக்கம் கழித்துவிடுவோம். அதற்குக் காசும் சிமெண்டும் வருஷா வருஷம் தூர்வார ஆளும் வேண்டும். ஒத்தையடிப் பாதைக்கு இதெல்லாம் நடக்காது. அதனால் அதை வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும்: ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளியோரம் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். மேலிருந்து வரும் தண்ணீர் பாதையைக் குறுக்கே தாண்டி, பரவலாக, வேகம் பிடிக்காமல் கீழே போய்விடும். சரிபார்க்க ஒரு கருவியும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தைப் பாதையில் வையுங்கள். வெளிப்பக்கம் உருண்டு விழுந்தால் சரி. பாதை வழியே உங்களோடு நடந்து வந்தால், மழைத் தண்ணீரும் அப்படித்தான் வரும்.

நடக்க நடக்கப் பாதையின் நடு அமுங்கும். வெளியோரத்தில் மண்ணும் சருகும் சேர்ந்து வரப்பு மாதிரி உயரும். சாய்வு போய்விடும். அந்த வரப்பை வெட்டிவிடுவதுதான் பாதிப் பராமரிப்பு. சரிவு கூடின இடத்தில் மட்டும், பாதைக்குக் குறுக்கே சுமார் 45 பாகையில் சாய்வாக ஒரு அகலமான பள்ளம் எடுத்து, கீழ்ப்பக்கத்தில் மண்ணை மேடாக இறுக்கி, வெளியே போகும் வாயைத் தாராளமாகத் திறந்து விடுகிறோம். குழுவில் இதற்கு மடை என்று பெயர். ஏற்றம் கடுமையாகக் கடுமையாக மடைகள் நெருக்கமாக வரும். வாய் குறுகினால் சருகு அடைக்கும், சருகு அடைத்தால் வண்டல் நிற்கும், அடுத்த மழைக்கு மடையே இருக்காது.

இதனால்தான் செப்டம்பர். இந்தக் கிழக்கு, தெற்குச் சரிவுகளுக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. செப்டம்பரில் மண் வெட்ட வசமான ஈரத்தில் இருக்கும், மடை திறந்தால் நாலைந்து வாரத்தில் அதற்கு வேலை வந்துவிடும். டிசம்பரில் டீஷர்ட்டோடு வருகிறவர்கள் காப்பாற்ற நினைக்கிற மண் அதற்குள் அடிவாரத்துக்குப் போயிருக்கும்.

கல் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரிந்த ஓரத்தைத் தாங்கச் சிமெண்ட் கேட்காதீர்கள். சிமெண்டுச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் ஒருநாள் சுவரையே தள்ளிக்கொண்டு போகும். சாந்தில்லாமல் அடுக்கிய கல் கட்டு தண்ணீரைக் கசியவிட்டுத் தான் நிற்கும். பெரிய கல் அடியில், ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லின் மேல் உட்கார வேண்டும், நடுநடுவே மலைக்குள் நீளமாகப் போகும் கல், மொத்தக் கட்டும் மலைப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து. இளவட்டங்கள் இதில்தான் முழுமனதாக இறங்குகிறார்கள். ஒரு கல்லுக்கு இடம் தேடி முக்கால் மணி நேரம் செலவழித்த ஐடி பையனைப் பார்த்திருக்கிறேன், போனை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

புதர் வெட்டும்போது கன்றுகளைச் சாய்வாகக் கொத்திவிட்டுப் போகாதீர்கள். தரையோடு தரையாக அறுங்கள். கூர்முனை நிற்கிற கட்டை இருட்டில் வருகிறவர் காலைக் கிழிக்கும். உண்ணிச்செடியை மேலே வெட்டினால் நாலாகத் தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும். ஆனால் பாதையின் வெளியோரத்தில் இருப்பதைத் தொடாதீர்கள், அங்கே மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது சில நேரம் அந்தப் பாழாய்ப்போன செடி ஒன்றுதான். கடப்பாரை, மண்வெட்டியைப் பள்ளத்துப் பக்கக் கையில் பிடித்து நடங்கள், தோளில் வேண்டாம். சறுக்கினால் பள்ளத்தில் வீசிவிடலாம், மேலே விழாது. சேறு கண்டால் ஒதுங்கிப் புல்லில் நடக்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒதுங்கினால் ஒரு மீட்டர் பாதை நாலு மீட்டர் ஆகும். வளைவுகளுக்கு நடுவே குறுக்கே இறங்குகிறவர்களைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். அந்தக் குறுக்குவழிதான் அடுத்த மழைக்குத் தண்ணீரின் நெடுஞ்சாலை. பாறையில் அம்புக்குறி பெயிண்ட் அடிப்பதும் சேவை இல்லை.

இதில் எதையும் உங்கள் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. 2013 முதல் இந்த மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதி எழுத்தில் வேண்டும்; வேட்டைத் தடுப்புக் காவலர் கூட வர வேண்டும். காட்டெருமை எந்த வளைவில் நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். கோடையில் நாங்கள் பக்கமே போவதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் பாதை போய் இறங்குகிற அதே தேனி மாவட்டம், அதே மாதிரிக் காய்ந்த புல் சரிவு.

குழு நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. முப்பது பேர் ஒரு நாள் வருவதைவிட ஒருவர் வருஷத்துக்கு நாலு தடவை வருவது பாதைக்கு நல்லது. அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஒன்று, ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர். 1921இல் பென்டன் மெக்கே என்பவர் யோசனை சொல்லி, 1937இல் முழுப் பாதையும் இணைந்தது. இன்றைக்கும் அதைப் பார்த்துக்கொள்வது முப்பது சொச்சம் நடைப்பயண மன்றங்களின் தன்னார்வலர்கள். பாதையைத் துண்டு போட்டுப் பங்கிட்டிருக்கிறார்கள். இன்ன துண்டு இன்னார் பொறுப்பு. கேட்டபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையைக் குடும்பவாரியாக வகுந்து, மழைக்கு முன்னால் அவரவர் பங்குக்கு மண் போட்ட கதையைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். குடிமராமத்து. கரை உடையும் ஆபத்தில் ஆள் வராமல் போகக்கூடாது என்று 1858இல் மதராஸ் மாகாணத்தில் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். சட்டம் வந்த காலத்திலேயே பழக்கம் தளர ஆரம்பித்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

எங்கள் பாதையையும் இப்போது வகுந்துவிட்டோம். மடைக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு ஆள். நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும்: அடைப்பு உண்டா, வாய் எவ்வளவு அகலம், கல் நகர்ந்ததா. பெயர் எழுதி ஒப்படைத்த மடையை மறந்துவிட்டுத் தூங்க முடியாது. வத்தலக்குண்டில் என் வீட்டு ஓட்டில் மழைச் சத்தம் கேட்டால் எனக்கு ஏழாம் மடை ஞாபகம்தான் வரும். போன அக்டோபரில் அப்படி மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் மேலே போய் இறங்கினேன். பாதிக்கு மேல் சருகு அடைத்திருந்தது, கையாலேயே அள்ளிப் போட்டேன். கலங்கல் தண்ணீர் ஒரு விநாடி தயங்கிவிட்டு வெளியே திரும்பியது.

அப்படியே வெள்ளகவி வரை நடந்தேன். எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். திண்ணையில் அதே பெரியவர் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏழு ஓடுதா சார்?"

"ஓடுதுங்க ஐயா."

"ஒம்போதைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு திரும்ப ஏறினேன்.